சமவெளிச் சிற்றூர்களின் இரவுக் காவல்

1955ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் இரவு பத்தரை மணி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத் தென்பகுதியில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த உடால் என்னும் சிற்றூரில் பெரும்பாலோர் படுக்கைக்குச் சென்றுவிட்டனர். ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 600. தெற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லைக்கு அப்பால் இருந்த பிளாக்வெல் நகரை ஒரு மணி நேரத்திற்கு முன்புதான் சுழற்காற்று தாக்கி 20 பேரைக் கொன்றிருந்தது. அதே முகிற்கூட்டம் வடக்கு நோக்கி உடாலை நெருங்கிக்கொண்டிருந்தது. பிளாக்வெல்லில் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த வேளையிலும் அச்செய்தி உடாலை எட்டவில்லை. சங்கு ஒலிக்கவில்லை, கதவைத் தட்டி எழுப்புவாரும் இல்லை. சில நிமிடங்களில் ஊர் தரைமட்டமானது. சுமார் 80 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கான்சாஸ் மாநில வரலாற்றில் இவ்வளவு உயிரைக் கொண்டுபோன சுழற்காற்று வேறொன்றில்லை.

அம்மாநிலத்திலேயே, 52 ஆண்டுகளுக்குப் பின், 2007ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் இரவு 9.45 மணியளவில் கிரீன்ஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சுழற்காற்று தாக்கியது. கயோவா மாவட்டத்தின் தலைமையிடமான அவ்வூரில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,574 பேர் வாழ்ந்தனர். காற்றுத்தூணின் அகலம் 2.7 கிலோமீட்டர், ஊரின் அகலத்தைக் காட்டிலும் மிகுதி. வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. ஊரில் நூற்றுக்கு 95 பங்கு அழிந்தது. நின்ற மரங்களும் பட்டை உரிந்து வெண்கட்டையாக நின்றன. அச்சுழற்காற்றில் உயிரிழந்தோர் 11 பேர்.

உடாலைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட மக்கள், அதே வகைப் பேராற்றல் கொண்ட காற்று, அதே போல் இருட்டிய பிறகான வேளை. ஆயினும் சாவு ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. வானம் இரக்கம் கொண்டுவிடவில்லை. கிரீன்ஸ்பர்க்கில் காற்று வருவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்னரே சங்கு ஒலித்தது. மக்கள் வீட்டு நிலவறைகளுக்குள் இறங்கியிருந்தனர். அந்த 20 நிமிடத்தை ஈட்டித் தர ஒரு நாட்டின் அறிவியலும் அரசுத் துறையும் தன்னார்வலரும் அரை நூற்றாண்டு உழைத்தனர். அவ்வுழைப்பின் விளைவு அண்மைக் காலத்தில் போற்றிக் காக்கப்படவில்லை என்பதே நமது கவலை.

சமவெளியின் இடர் இரவில் ஏன் கூடுதலாகிறது என்பதை முதலில் காண்போம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் கிழக்கு மேற்காகக் காற்றைத் தடுக்கும் மலை ஏதும் இல்லை. இளவேனிற் காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. மேற்கே ராக்கி மலைச் சரிவிலிருந்தும் தென்மேற்குப் பாலைநிலத்திலிருந்தும் உலர்காற்று அதற்கு மேலாகப் பரவி மூடிபோல் அழுத்துகிறது. பகல் முழுதும் தரை காய்ந்து, கீழ்க்காற்றின் வெப்பம் ஏறி, பிற்பகலில் ஓரிடத்தில் மூடி உடைகிறது. ஈரக்காற்று ஒரே பாய்ச்சலில் 15 கிலோமீட்டர் உயரத்திற்கு எழுகிறது. தரையில் தென்கிழக்கிலிருந்தும் உயரத்தில் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்றுகளின் திசையும் வேகமும் வேறுபடுவதால், எழும் காற்று முறுக்கேறிச் சுழலத் தொடங்குகிறது. இவ்வாறு முழுமுகிலும் சுழலும் இடிமேகங்கள்தாம் கொடிய சுழற்காற்றுகளைப் பெறுகின்றன.

கதிரவன் மறைந்தால் இந்த ஆற்றல் தணியும் என்று எண்ணத் தோன்றும். பல நாடுகளில் அப்படித்தான். கான்சாஸ், நெப்ராஸ்கா, ஓக்லஹோமா சமவெளிகளில் இருட்டியதும் மற்றொன்று நிகழ்கிறது. தரை குளிர்ந்து, பகலில் காற்றைப் பிடித்திழுத்த உராய்வு விலக, தரைக்குச் சில நூறு மீட்டர் உயரத்தில் தென்காற்று வேகம் பிடிக்கிறது. அது வளைகுடாவின் ஈரத்தை இரவெல்லாம் வாரி இறைத்து, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் முகிலுக்கு மேலும் முறுக்கேற்றுகிறது. கிரீன்ஸ்பர்க்கை அழித்த முகில் அந்த நேரத்தில்தான் வலுப்பெற்றது. அவ்வூரை விட்டகன்ற பின்னும் அது ஓயாமல் வடகிழக்கே அடுத்தடுத்துப் பெருஞ்சுழல்களை இறக்கியது. மேக்ஸ்வில் அருகே கடமையில் இருந்த காவலர் ஒருவரின் உயிரையும் பறித்தது.

இருளில் வரும் காற்றைக் கண்ணால் காண முடியாது. மின்னல் வெட்டும் நொடியில் மட்டும் அதன் வடிவம் தெரியும். மக்கள் உறங்குவர், தொலைக்காட்சி அணைந்திருக்கும். அமெரிக்காவில் பகலில் வீசும் சுழற்காற்றைவிட இரவில் வீசுவது உயிர்கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று ஆய்வுகள் கூறுகின்றன. இந்நிலங்களில் வானிலைக் காவலுக்கு முதன்மையான பொழுது இரவே.

எச்சரிக்கை என்பது தொடக்கத்திலிருந்தே இருந்த ஒன்றன்று. 1880களில் ஜான் ஃபின்லி என்னும் படைத்துறை அலுவலர் சுழற்காற்றுகளை முன்கூட்டி அறிவிக்க முயன்றார். அவர் முயற்சி கைவிடப்பட்டது. அறிவித்தால் மக்கள் அஞ்சிச் சிதறுவர், காற்று விளைக்கும் கேட்டினும் அச்சம் விளைக்கும் கேடு பெரிது என்று அரசு கருதியது. அன்று தொடங்கி 1950 வரை, அரசு வானிலைத் துறை பொதுமக்களுக்கான முன்னறிவிப்பில் சுழற்காற்று என்று கூறுவதைப் பெரும்பாலும் தவிர்த்தே வந்தது. 1925ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மிசௌரி, இல்லினாய், இந்தியானா மாநிலங்களினூடே ஒரே சுழற்காற்று 695 பேரைக் கொன்று சென்றபோதும் எச்சரிக்கை ஏதும் இல்லை. உண்மையைக் கேட்டுத் தாங்கும் திறன் மக்களுக்கு இல்லை என்று ஆட்சியாளர் முடிவு செய்ததற்கு அந்த மக்கள் கொடுத்த விலை இது. வரலாற்றில் இதை மன்னிக்க நம்மால் இயலவில்லை.

திருப்பம் 1948இல் நேர்ந்தது. மார்ச் 20ஆம் நாள் ஓக்லஹோமாவின் டிங்கர் வான்படைத் தளத்தைச் சுழற்காற்று தாக்கி விமானங்களை நொறுக்கியது. அங்குப் பணியாற்றிய எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் என்னும் இரு வானிலை அலுவலர்கள், அன்றைய காற்று நிலைகளை முந்தைய சுழற்காற்று நாள்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25 காலையில், வரைபடங்களில் அதே அமைப்பு மீண்டும் தெரிந்தது. அவர்கள் துணிந்து அறிவித்தனர். அன்று மாலையே அதே தளத்தை இரண்டாம் முறை சுழற்காற்று தாக்கியது. விமானங்கள் முன்கூட்டியே பாதுகாக்கப்பட்டிருந்தன. உயிர் எதுவும் போகவில்லை. அதன் பின்னரே முன்னறிவிப்பு கூடாது என்ற பழைய எண்ணம் தகர்ந்தது.

அடுத்து வந்த படிகள் பல. உடாலின் துயரம் நிகழ்ந்த பத்தாண்டிலேயே முன்னறிவிப்புக்கெனத் தனி மையம் கான்சாஸ் சிட்டியில் இயங்கத் தொடங்கியது. 1971இல் ஃபுஜிட்டா என்னும் வானிலை அறிஞர் சேதத்தைக் கொண்டு காற்றின் வலிமையை அளக்கும் அளவுகோலை வகுத்தார். 1973ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டி என்னும் சிற்றூரை ஒரு சுழற்காற்று அழித்தபோது, டாப்ளர் ராடார் அதன் சுழற்சியை முகிலுக்குள்ளேயே, அது தரை தொடுவதற்கு முன்பே பதிவு செய்திருந்ததைப் பின்னர் கண்டறிந்தனர். அந்த ஒரு பதிவு 1990களில் நாடெங்கும் டாப்ளர் ராடார்களை நிறுவ வழிவகுத்தது. டாட்ஜ் சிட்டி அருகே நிறுவப்பட்ட ராடார்தான் கிரீன்ஸ்பர்க்கை நோக்கி வந்த சுழலைக் காட்டியது.

ராடாரால் எல்லாம் தெரியாது. பூமியின் வளைவினால், ராடாரிலிருந்து விலக விலக அதன் கதிர் தரையை விட்டு மேலெழுகிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது முகிலின் நடுவயிற்றைத்தான் காண்கிறது. தரையருகே நடப்பதைச் சொல்ல மனிதர் வேண்டும். வயல் வரப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தி முகிலைப் பார்த்து வானொலியில் செய்தி சொல்லும் தன்னார்வலர் அவர்கள்: உழவர், ஊர்த் தீயணைப்புப் படையினர், மாவட்டக் காவலர், வானொலி ஆர்வலர். ஸ்கைவார்ன் என்ற பெயரில் வானிலைத் துறை இவர்களுக்குப் பயிற்சி தருகிறது. கிரீன்ஸ்பர்க் அழிந்த இரவில் டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் களத்திலிருந்து செய்தி வந்தவண்ணம் இருந்தது. அவர்கள் வழக்கமான எச்சரிக்கையோடு நில்லாமல், அரிதினும் அரிதான அவசரநிலை அறிவிப்பை கிரீன்ஸ்பர்க்கின் பெயரைச் சொல்லி வெளியிட்டனர். 1999ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஓக்லஹோமாவில்தான் அவ்வகை அறிவிப்பு முதன்முதலாக எழுதப்பட்டது. ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அது அழியப்போகிறது என்று எழுதுவதற்கு ராடாரைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பத்தில் ஏழு எச்சரிக்கைகள் சுழற்காற்றாக முடிவதில்லை என்பதை அறிந்தும், இம்முறை இது உண்மை என்று முடிவு செய்யும் பட்டறிவு வேண்டும்.

சங்கிலியின் ஒரு கண்ணி அற்றாலும் உயிர் போகும். 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் கான்சாஸின் ஆண்டோவர் நகரைச் சுழற்காற்று தாக்கியபோது முன்னறிவிப்பு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. நகரின் அபாயச் சங்கு பழுதாகி ஒலிக்கவில்லை. காவலர் தம் வண்டியின் சங்கை ஒலித்தபடி நடமாடும் வீடுகள் நிறைந்த குடியிருப்பினூடே ஓட்டிச் சென்றனர். அக்குடியிருப்பில் பொது நிலவறை ஒன்று இருந்தது. அதற்குள் ஓடி இறங்கிய நூற்றுக்கணக்கானோர் பிழைத்தனர். இறங்காதவருள் 13 பேர் மாண்டனர். அன்றைய சுழற்காற்றில் இறந்தோர் மொத்தம் 17 பேர். அடித்தளத்தில் ஊன்றாத அவ்வீடுகளில் வாழ்வோர் பெரும்பாலும் ஏழைகள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சுழற்காற்று மட்டுமே சமவெளிச் சிற்றூர்களின் பகை அன்று. 1888ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் காலை நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலும் குளிருக்கு நடுவே இதமான வெயில் அடித்தது. பிள்ளைகள் கனத்த மேலாடை இன்றிப் பள்ளிக்குச் சென்றனர். பிற்பகலில் பனிப்புயல் சுவராக வந்து மோதியது. ஓரடி முன்னே இருப்பது தெரியாத வெண்மையில், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே சிறுவர் வழிதவறி உறைந்தனர். மொத்தம் 235 பேர் இறந்தனர் என்பது கணக்கு. குளிர் வருவதை அன்றைய வானிலைப் பிரிவு ஓரளவு அறிந்தேயிருந்தது. தந்திக் கம்பி எட்டாத பண்ணைகளுக்கு அதைச் சொல்ல வழியில்லை.

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வேறு வகை. பன்னெடுங்காலம் மண்ணைப் பிடித்துவைத்திருந்த புல்லை, முதல் உலகப் போர்க்காலக் கோதுமை விலையின் ஆசையில் மனிதன் உழுது புரட்டியிருந்தான். மழை பொய்த்ததும் வெற்றுமண் எழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் டாட்ஜ் சிட்டியை நள்ளிரவு போல் புழுதி மூடியது. ஹியூ பென்னட் என்னும் மண்ணியல் அறிஞரின் தூண்டுதலால், அடுத்த 13 நாள்களில் மண்காப்புத் துறையை நிறுவும் சட்டம் நிறைவேறியது. வடக்கே டகோட்டாவிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் காற்றுத் தடுப்பு வரிசைகளாக நடப்பட்டன. அரசு தன் கடமையை உணர்ந்து விரைந்து செயற்பட்டதற்கு இதைவிடச் சிறந்த சான்று இந்நிலத்தில் இல்லை.

ஆலங்கட்டி ஆண்டுதோறும் விளைச்சலை அடித்துப்போகிறது. தெற்கு டகோட்டாவின் விவியன் என்னும் சிற்றூரில் 2010 சூலையில் விழுந்த ஒரு கட்டி 20 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 880 கிராம் எடையும் கொண்டது. 2017 மார்ச்சில் கிரீன்ஸ்பர்க்குக்குத் தென்மேற்கே உள்ள கிளார்க் மாவட்டத்தைக் காட்டுத்தீ சூழ்ந்தது. உலர்ந்த புல்லும் கடுங்காற்றும் சேர்ந்து ஆறு இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தன. கால்நடைகள் வேலியோரத்தில் கருகிக் கிடந்தன. கான்சாஸின் கோடல் என்னும் சிற்றூரை 1916, 1917, 1918 ஆகிய மூன்றாண்டுகளிலும் மே 20ஆம் நாளே சுழற்காற்று தாக்கியது. அது தற்செயல்தான். மூன்றாம் முறை அடிபட்ட ஊர் பின்னர் நிமிரவேயில்லை என்பது தற்செயல் அன்று. சிற்றூரின் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு.

கிரீன்ஸ்பர்க் அவ்வெல்லையை மீற முயன்றது. 1886இல் உருவான அவ்வூரின் பெருமை ஒரு கிணறு. 1887இலும் 1888இலும் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு, கையாலேயே 109 அடி ஆழமும் 32 அடி குறுக்களவுமாகத் தோண்டி, கல் அடுக்கிக் கட்டிய கிணறு. காற்று அதன் மேலிருந்த காட்சியகத்தைப் பிடுங்கியெறிந்தது. கிணறு அப்படியே இருந்தது. காட்சியகத்தில் இருந்த, அருகிலுள்ள பிரெனம் பகுதியில் கிடைத்த அரை டன் எடையுள்ள விண்கல்லை இடிபாட்டின் அடியிலிருந்து மீட்டனர். மாவட்ட நீதிமன்றமும் வானுயர்ந்த தானியக் களஞ்சியமும் மட்டும் நின்றன. மற்றபடி தெருக்களின் பெயர்ப்பலகைகூட மிஞ்சாததால், பல்லாண்டு வாழ்ந்தவர்களே தங்கள் தெரு எதுவெனத் திகைத்தனர்.

ஊரார் பெரிய கூடாரத்தில் கூடிப் பேசினர். பலர் வேறிடம் போயினர். எஞ்சியோர் எடுத்த முடிவு நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நகர மேலாளர் ஸ்டீவ் ஹியூவிட்டும் நகர்மன்றமும், 2007 டிசம்பரில், 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடங்கள் யாவும் பசுமைக் கட்டடத் தரத்தின் உயர்நிலையான பிளாட்டினத்தை எட்ட வேண்டும் என்று தீர்மானித்தனர். அமெரிக்காவில் அவ்வாறு தீர்மானித்த முதல் நகரம் அதுவே. நகர்மன்றமும் பள்ளியும் மருத்துவமனையும் அத்தரத்தில் எழுந்தன. கான்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கலைக்கூடத்தைக் கட்டித் தந்தனர். காற்று வந்த நாளையே அதன் பெயராக்கி ஐந்து-நான்கு-ஏழு என்றனர். ஊருக்கு வெளியே 10 காற்றாலைகள், 12.5 மெகாவாட் திறனில், எழுந்தன. ஊரைப் பறித்த காற்றிலிருந்தே மின்சாரம் எடுத்தனர். அதில் வீம்பும் இருந்தது, விவேகமும் இருந்தது. பல வீடுகள் உள்ளே எஃகு பொதிந்த கற்காரைச் சுவரோடு கட்டப்பட்டன; அவை வெப்பத்தையும் தடுக்கும், பறந்துவரும் மரத்துண்டையும் தடுக்கும்.

அவ்வளவு முயன்றும் மக்கள்தொகை மீளவில்லை. 2010இல் 777 பேர்; 2020இல் 740 பேர். இதைக் காட்டி, தேய்ந்துவரும் ஊருக்கு இத்தனை செலவு வீண் என்று கூறுவோர் உளர். அதை நாம் ஏற்கவில்லை. காற்று வருவதற்கு முன்பே அவ்வூர் பல பத்தாண்டுகளாகச் சிறுத்து வந்தது. பெரும் பண்ணைகளும் பெரும் எந்திரங்களும் வந்தபின் சமவெளி முழுதும் அதே கதை. 740 பேர் மாவட்ட மருத்துவமனையையும் பள்ளியையும் நீதிமன்றத்தையும் ஏந்தி நிற்கின்றனர். சுற்றுப்புறப் பண்ணைகள் அவற்றை நம்பியே உள்ளன. அதற்கு மேலும் ஒன்றுண்டு. முகிலைப் பார்க்கப் போகும் தன்னார்வலர், தீயணைக்க ஓடும் உழவர், சங்கின் விசையை அழுத்தும் இரவுக் காவலர் யாவரும் இச்சிற்றூர்களின் மக்களே. ஊர் சிறுத்தால் அண்டை ஊருக்கும் சேர்த்து எச்சரிக்கை மெலிகிறது. ஆள் குறையக் குறைய, தலைக்கு ஆகும் செலவு கூடினாலும், அரசின் காவல் வலுப்பட வேண்டும். குறைய வேண்டும் என்பார் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றனர்.

2025இல் நடந்தது அந்தத் தலைகீழ்க் கணக்குதான். அமெரிக்க நடுவண் அரசின் ஆட்குறைப்பினால் தேசிய வானிலைச் சேவையிலிருந்து சில மாதங்களில் 500க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். நாட்டிலுள்ள 122 வானிலை அலுவலகங்களுள் சில, இரவுப் பணிக்கு ஆள் வைக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டன. மேற்குக் கான்சாஸின் குட்லேண்ட் அலுவலகம் அவற்றுள் ஒன்று. இரவில் அதன் எல்லையை அண்டை அலுவலகங்கள் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. எந்தப் பருவத்தில் இது? இளவேனிலில், சுழற்காற்று உச்சமாகும் மே மாதத்தில். அம்மாதம் 18ஆம் நாள் மேற்குக் கான்சாஸின் கிரின்னல் என்னும் சிற்றூரைச் சுழற்காற்று தாக்கி வீடுகளை நொறுக்கியது. எச்சரிக்கை வந்தது, மக்கள் இறங்கினர், உயிர் எதுவும் போகவில்லை. இதைக் காட்டி ஆட்குறைப்பால் கேடில்லை என்று வாதிடுவது முறையன்று. பெருமுகில் வரும் என்று முன்னரே தெரிந்த நாளில் களைத்துப்போன பணியாளர் கூடுதல் நேரம் அமர்ந்து ஈடுகட்டிவிடலாம். எதிர்பாராத இரவில் வரும் முகிலுக்கு யார் விழித்திருப்பது?

பேரிடர்த் தாங்குதிறனுக்காக ஊர்களுக்கு நிதி வழங்கிவந்த நடுவண் திட்டம் ஒன்றையும் அதே 2025 ஏப்ரலில் நிறுத்துவதாக அறிவித்தனர். பாதுகாப்பறைகளும் வெள்ளத் தடுப்புகளும் அதன் வழி எழவிருந்தன. இருபது மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. பெருநகரம் தன் வரிப்பணத்தில் நிலவறை கட்டிக்கொள்ளும். கிரின்னலைப் போல் 260 பேர் வாழும் ஊர் என்ன செய்யும்?

சுழற்காற்றின் போக்கு மாறுகிறது, சமவெளியில் குறைந்து தென்கிழக்கு மாநிலங்களில் கூடுகிறது என்று சிலர் கூறுவர். கடந்த சில பத்தாண்டுப் பதிவுகள் அத்தகைய சாய்வைக் காட்டுவது உண்மை. தென்கிழக்கில் காடும் குன்றும் இரவும் நடமாடும் வீடும் கூடுதல். அங்குக் காவல் இன்னும் வேண்டும். ஆனால் சமவெளியில் குறைவு என்பது கூட்டிக் கணக்கிட்ட நீண்டகால நிகழ்தகவில் காணும் சிறு சரிவு. கிரீன்ஸ்பர்க் போன்ற இரவு ஒன்று வருவதற்கு அதனால் தடையேதுமில்லை. ஒரு நிலத்திற்குக் காவலைச் சேர்க்க மற்றொரு நிலத்தின் காவலை எடுப்பது நேர்மையான ஆட்சி ஆகாது.

2025 கோடையில் வானிலைச் சேவைக்குச் சுமார் 450 பேரை நியமித்துக்கொள்ள அனுமதி அளிக்கப்பட்டது. இதை வரவேற்கிறோம். அனுமதிக்கும் ஆளுக்கும் இடையே ஆண்டுகள் உள்ளன. பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வரும் இளைஞர் ஓர் அலுவலகத்தின் நிலத்தை அறிய, எந்த ஆற்றுப் பள்ளத்தில் மூடுபனி தேங்கும், எந்த மாவட்டத்தில் ராடாரின் பார்வை உயர்ந்துவிடும், எந்த ஊரின் சங்கு பழையது, எந்தத் தன்னார்வலரின் சொல்லை நம்பலாம் என்று உணர, பல இளவேனில்கள் அருகிருந்து கற்க வேண்டும். வெளியேறியோருள் பலர் அதைக் கற்பிக்கத் தகுதியான மூத்தோர்.

ஆகவே நாம் கேட்பவை தெளிவானவை. எச்சரிக்கைப் பொறுப்புள்ள எந்த அலுவலகமும் மார்ச் முதல் சூலை வரை இரவில் ஆளின்றி இருக்கலாகாது. அதைச் சட்டமாகவே இயற்ற வேண்டும். நடமாடும் வீடுகள் உள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும், ஆண்டோவரில் இருந்ததைப் போல், நடந்தே சென்றடையும் தொலைவில் பொது நிலவறை அமைய, நிறுத்தப்பட்ட நிதி மீண்டும் ஓட வேண்டும். மின்சாரம் போனாலும் ஒலிக்கும் சங்குகளும், உறங்குவோரை எழுப்பும் வானிலை வானொலிப் பெட்டிகளும் சிற்றூர் வீடுகளுக்கு அரசு செலவில் சென்று சேர வேண்டும்; பெட்டியின் விலை ஒரு குடும்பத்தின் ஒருவேளை உணவகச் செலவுக்கு மேல் போகாது. ஓய்வு பெற்ற மூத்த வானிலையாளரைப் பயிற்சி தருவதற்காகவேனும் அழைத்து, புதியோருடன் இரவுப் பணியில் அமர்த்த வேண்டும். இவற்றை மாநில அவையும் நடுவண் அவையும் அடுத்த மார்ச் மாதத்திற்குள் முடிவு செய்யலாம். அதற்குத் தேவையான பணம், அழிந்த ஒரு சிற்றூரை மீண்டும் கட்ட ஆகும் பணத்தினும் மிகக் குறைவு.